இடைப்பாட்டுக்காரி

காளிகாட்டில் மெட்ரோ ஏறி சோபாபஜாரில் இறங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. ஆர்மோனியப் பெட்டியை ஒரு பக்கம் கல்யாணியும் மறுபக்கம் அவள் மகள் ஸ்னேகாவும் பிடித்துக்கொண்டு, முட்டி மோதி, அந்தப் பழைய நாடகக் கொட்டகை இருந்த சந்துக்குள் நுழைந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மீன் கடைக்காரன் கடையைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தான்.

கொட்டகைக்குள் கால் வைத்ததும் வெயிலும் சத்தமும் வாசலோடு நின்றுவிட்டன. உள்ளே ஒரே இருட்டு. ஈரச் சுண்ணாம்பு வாடை, அதன் அடியில் என்றைக்கோ வாடிப்போன பூவின் வாடை. வருஷா வருஷம் இவர்களுடைய தமிழ்ச் சங்கம் நாடகம் போடும் பாலிகஞ்ச் மண்டபம் கல்யாணத்துக்குப் போய்விட்டது. அதனால்தான் டைரக்டர் பட்டாபிராமன் ஊர்க்கோடியில் இருந்த இதைப் பிடித்திருந்தார்.

"வந்தாச்சா? பெட்டியை மேடைக்குக் கீழே வச்சுடு கல்யாணி. சீன் மாத்தறச்சே எல்லாம் நீதான்" என்றார் பட்டாபிராமன். மனுஷருக்கு வாய் ஓயாது. "அந்தக் காலத்துல பபூன் வந்து ரெண்டு பாட்டு பாடி ஆடிட்டுப் போவான். பெங்காலி ஜாத்ராக் கூத்துல விவேக்னு ஒரு ஆள் நடுவுல நுழைஞ்சு பாடுவான். வெள்ளைக்காரன் சாமி நாடகத்துக்கு நடுவுலகூட கோமாளிக் கூத்து உண்டு. எதுக்குங்கறே? மூடின திரையை வெறுமனே பார்த்துண்டிருக்க ஜனங்களால முடியாது."

கொட்டகைக்குச் சொந்தக்காரி ஸ்மிதா பௌதி, அதாவது ஸ்மிதா அண்ணி, பக்கத்தில்தான் நின்றாள். கல்லூரியில் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள். ஹிந்தியும் இங்கிலீஷும் கலந்து கல்யாணியிடம் தணிந்த குரலில் சொன்னாள். திரை விழுந்தால் உடனே வாசிக்கத் தொடங்கிவிட வேண்டும். திரை தூக்கும்வரை நிறுத்தக் கூடாது. முன்னொரு காலத்தில் இங்கே அந்த நேரத்தில் பாடுவதற்கென்றே ஒருத்தி இருந்தாளாம். அவள் பாட வந்தால் ஜனங்கள் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்கள். ஒரு நாள்கூட யாரும் உட்கார்ந்து கேட்டதில்லை. கடைசியில் ஒரு சாயங்காலம் பாடிக்கொண்டே திரைக்கு முன்னால் விழுந்து செத்துப்போனாள்.

"இடம் காலியாக இருந்தால் இப்போதும் வருவாள். பாடிவிட்டுப் போய்விடுவாள், கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் இடத்தைக் காலியாக விடாதீர்கள்" என்றாள் பௌதி.

கல்யாணி தலையாட்டி வைத்தாள். அவளுக்கு அன்றைக்கு இருந்த கவலையில் பேயாவது பிசாசாவது!

கவலையெல்லாம் ஸ்னேகாதான். பத்தொன்பது வயசு. பேச வாயெடுத்தால் முதல் எழுத்திலேயே நாக்கு மாட்டிக்கொள்ளும். மாட்டிக்கொண்ட வார்த்தையை ஊரே போட்டி போட்டுக்கொண்டு முடித்து வைக்கும். பெற்ற அப்பன் ஆனந்த்கூட பொறுக்க மாட்டான். கல்யாணி மட்டும் காத்திருப்பாள். அடுப்பில் பால் பொங்கினாலும் சரி, மகளின் வாயிலிருந்து வார்த்தை வெளியே வரும்வரை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அப்படிப்பட்ட பெண் இந்த வருஷம் தானாகவே வேஷம் கேட்டு வாங்கியிருந்தாள். மூன்றாவது காட்சியில் கொஞ்சம் வசனம்.

"இ… இ… இந்த வாட்டி யாரும் எனக்காக மு… முடிக்கக் கூடாதும்மா" என்றாள் ஸ்னேகா.

"யாராவது முடிக்கட்டும், தோலை உரிச்சுடறேன்" என்றாள் கல்யாணி.

நாடகம் தொடங்கியது. கொட்டகை முக்கால்வாசி நிறைந்திருந்தது. முதல் காட்சி முடிந்து திரை விழுந்ததும் கல்யாணி துருத்தியை அமுக்கி மோகனத்தில் ஏதோ வாசித்தாள். திரைக்குப் பின்னால் பலகைகளை இழுக்கும் சத்தம். அதற்கு நடுவே, அவள் தலைக்கு மேலே, யாரோ பாடுவதற்கு மூச்சு இழுப்பதுபோல் இருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். ஒருவரும் இல்லை. விரலை எடுக்காமல் வாசித்தாள். திரை தூக்கியதும் மூச்சுச் சத்தம் அடங்கிவிட்டது.

இரண்டாவது காட்சி முடிந்து மறுபடி திரை விழுந்தது. வாசிக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில், மாமியார் வேஷம் போட்ட அனுராதா மேடையோரப் படியில் இறங்கி ஓடி வந்தாள்.

"கல்யாணி, சட்டுனு வா. ஸ்னேகா மூலைல உட்கார்ந்துண்டு நடுங்கறா. வாயே திறக்கலை."

கல்யாணி போட்டது போட்டபடி எழுந்தாள். படியில் பட்டாபிராமன் குறுக்கே வந்தார்.

"இடைப்பாட்டு?" என்றார்.

"எனக்கு என் பொண்ணு முக்கியமா, உங்க இடைப்பாட்டு முக்கியமா? தள்ளுங்கோ!"

ஸ்னேகா ஒரு பழைய சிம்மாசனத்துக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கல்யாணி எதிரே உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அ… அ…" என்றாள் ஸ்னேகா.

"மெதுவா சொல்லு. நான் எங்கேயும் போகலை."

வெளியே அமைதி. நாற்காலி கிறீச்சிடும் சத்தம்கூட இல்லை.

பிறகு பாட்டு கேட்டது.

திரைக்கு அந்தப் பக்கம், வெறும் மேடை விளிம்பில், ஒரு பெண் குரல். மெல்லிய குரல். தமிழும் இல்லை, வங்காளமும் இல்லை, வார்த்தையே இல்லை. கேட்கக் கேட்க நெஞ்சுக்குள் எதையோ பிடுங்குவதுபோல் இருந்தது. பலகை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் தூக்கியபடியே நின்றார்கள்.

பாட்டு முடிந்தது. மேடையோரமாகக் காலடிகள் விலகிப் போயின. பௌதி சொன்னபடியே போகிறாள், அவ்வளவுதான். கல்யாணி அடக்கியிருந்த மூச்சை விட்டாள்.

அப்போதுதான் கைதட்டல் எழுந்தது.

நம் ஜனங்களுக்கு நல்ல பாட்டு ஒன்று காதில் விழுந்துவிட்டால் சும்மா இருக்க முடியுமா? கல்யாணிதான் பாடினாள் என்று நினைத்தார்களோ என்னவோ, முன்வரிசையில் இருந்த சங்கக் காரியதரிசி கோபு இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கத்தினார்.

"ஒன்ஸ் மோர்!"

கொட்டகையே சேர்ந்துகொண்டது.

"ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!"

காலடிகள் நின்றன.

திரும்பின.

திரைத்துணி அசையவில்லை. ஆனால் வாடிய பூவின் வாடை உள்ளே வந்துவிட்டது. பலகைகளைத் தாண்டி, ஆட்களைத் தாண்டி, சிம்மாசனத்தின் அருகே வந்து நின்றது.

கல்யாணியின் கைக்குள் இருந்த கை சில்லிட்டது.

ஸ்னேகாவின் வாய் இன்னும் அந்த முதல் எழுத்திலேயே திறந்திருந்தது.

அந்தத் திறந்த வாய்க்குள்ளிருந்து பாட்டு வந்தது.

"வேண்டாம்! ஐயோ, அவளை விடு! ஸ்னேகா!" கல்யாணி மகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். வெளியே எழுந்த கைதட்டலில் அவள் அலறல் பக்கத்தில் நின்ற அனுராதாவுக்கே கேட்கவில்லை. பாட்டு முடிந்ததும் ஸ்னேகா எழுந்தாள், புடவையைச் சரிசெய்துகொண்டாள், திரை தூக்கியதும் மேடையில் போய் நின்றாள்.

ஒரு தடங்கல் இல்லை. தண்ணீர் ஊற்றினாற்போல் வசனம் வந்தது. பட்டாபிராமன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஸ்னேகாவைச் சின்னக் குழந்தையிலிருந்து தெரிந்த மாமிகள் எல்லாம் எழுந்து நின்று தட்டினார்கள். கல்யாணி மட்டும் மேடையோரத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நாடகம் முடிந்து வெளியே வரும்போது ஸ்மிதா பௌதி வாசலில் காத்திருந்தாள். ஸ்னேகாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"அவளைத் திரும்பக் கூப்பிட்டது யார்?" என்று கேட்டாள்.

கல்யாணி மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் கூப்பிட்டதில்லை" என்றாள் பௌதி. "கூப்பிட்ட பிறகு இனி எங்கே போவாள்?"

மறுநாள் காலையில் வீடே அமர்க்களப்பட்டது. போன் ஓயவில்லை. ஆனந்த் காலங்கார்த்தாலேயே போய் ஒரு பெட்டி சந்தேஷ் இனிப்பு வாங்கி வந்து மாடி வீடு, எதிர் வீடு என்று எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தான். "என் பொண்ணு எப்படிப் பேசறா பாருங்கோ!" என்று வாசலுக்கு வாசல் நின்று சொன்னான். திக்கித் திக்கிப் பேசினாலும் அது என் குழந்தையாச்சே, அதைக் கொடு, இது வேண்டாம் என்று கல்யாணி சமையலறை மூலையில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஸ்னேகா காப்பிக்கு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"ராத்திரி நன்னா தூங்கினேம்மா. டிகாஷன் இன்னைக்கு ரொம்பப் பிரமாதம். இன்னொரு வாய் கிடைக்குமா?" என்றது குரல். தெளிவாக, இனிமையாக, நடுவில் மூச்சுவிடக்கூட நிற்காமல்.

கல்யாணி நிமிர்ந்து மகளின் முகத்தைப் பார்த்தாள்.

குரல் அதுபாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தது. உதடுகள் அதோடு சேர்ந்து அசையவில்லை.

அவை 'அ'விலேயே நின்று துடித்துக்கொண்டிருந்தன.

"சொல்லுடி கண்ணே" என்றாள் கல்யாணி. "நான் எங்கேயும் போகலை."