மிணுகுரு மூன்றின் ஒற்றை இருக்கை

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஸ்ரீ சிட்டியில் எங்கள் ஷெட்டுக்குள் நுழைந்தேன். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே ஏசி குளிரில் என் தங்கச்சி தரணி பைலட் உடையோடு நின்று, "இன்னாண்ணா, டிபன் துன்னியா?" என்றாள். எனக்கு இங்கே வேலை வாங்கிக் கொடுத்ததே அவள்தான். அதற்கு நான் செய்த கைம்மாறைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் கம்பெனி விண்வெளிக் கப்பல் கட்டுகிறது. விண்கல்லில் இறங்கி உலோகம் தோண்டிவர, ஒரே ஒரு பைலட் ஓட்டும் சின்னக் கப்பல். மிணுகுரு என்று பெயர். தெலுங்கில் மின்மினிப் பூச்சி. முதல் மாடலில் இரண்டு இருக்கை. கனம் அதிகமென்று இரண்டாம் மாடலில் ஒன்றைப் பிடுங்கிவிட்டார்கள். கதவைப் பூட்டிக்கொண்டு, உள்ளே இருக்கிற காற்றிலேயே ஒருவர் எட்டு மணி நேரம் தாங்குவாரா என்று அதில் சோதித்தார்கள். உட்கார்ந்தவர் எழிலரசன், புத்தூர்க்காரர். காற்றைச் சுத்தம் செய்யும் மெஷின் நின்றுபோனது யாருக்கும் தெரியவில்லை. கதவைத் திறந்தபோது உயிர் இல்லை.

கம்பெனி அச்சடித்த வளர்ச்சி வரலாற்றில், 'இரண்டாம் மாடல்: இருக்கை மிகவும் வசதியானது' என்று மட்டும் இருக்கிறது. அடப்பாவிகளா!

மூன்றாம் மாடலில் எல்லாமே புதுசு. இருக்கை மட்டும் எழிலரசன் உட்கார்ந்த அதே பழசு. "நல்லாத்தான கீது, எதுக்குத் தூக்கிப் போடணும்?" என்றார் இன்ஜினியர் வேதாச்சலம்.

அன்றைக்கு அதில்தான் தரணி உட்காரவேண்டும். அதே எட்டு மணி நேரம்.

இருக்கைக்கு அடியில் இருக்கும் தராசு என் பொறுப்பு. தொண்ணூறு கிலோவுக்கு மேல் காட்டினால் கதவு பூட்டாது, பூட்டியிருந்தாலும் திறந்துகொள்ளும். உள்ளே இருப்பது ஒருவருக்கான காற்றுதானே.

அன்று காலி இருக்கை அறுபத்தொரு கிலோ காட்டியது.

நான் ஒன்பது வருடம் சித்தூர் மாங்கூழ் ஃபேக்டரியில் எடை போட்டவன். காலிப் பழக்கூடை எத்தனை கிலோ காட்டினாலும் பட்டனை அழுத்திப் பூஜ்யமாக்கிவிட்டு, அப்புறம்தான் பழத்தைக் கொட்டுவோம். கை தானாகப் போனது. பூஜ்யமாக்கினேன். யாரிடமும் சொல்லவில்லை. தரணி ஏறி உட்கார்ந்தாள். நாற்பத்தொன்பது காட்டியது. கதவு பூட்டிக்கொண்டது.

என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

இரண்டு மணி நேரத்தில் கால்வாசிக் காற்று தீர்ந்திருக்க வேண்டும். பாதி தீர்ந்திருந்தது. "எங்கியோ லீக்குய்யா" என்று வேதாச்சலம் ஒவ்வொரு பைப்பாகத் தடவிப் பார்த்தார். லீக் எதுவும் இல்லை. நான் ஹெட்போனை மாட்டினேன். தரணியின் மூச்சு படபடவென்று கேட்டது.

கூடவே இன்னொரு மூச்சு. நிதானமாக, நீளமாக.

"ண்ணா..." கிசுகிசுத்தாள். "முதுகாண்ட சூடா கீது. வேர்வை நாத்தம் அடிக்கிது."

"பயப்படாத கண்ணு. கதவத் தொறந்து வந்துடு."

"தொறக்கத்தான் போனேன். யாரோ கைய புட்ச்சிக்கினு கீறாங்க."

வேதாச்சலம் வெளிப் பிடியில் தொங்கி இழுத்தார். கதவு அசையவில்லை. காற்று முள் மடமடவென்று இறங்கியது. மூச்சு முட்டிச் செத்தவன் காற்றைக் கண்டால் விடுவானா?

ஹெட்போனில் தரணியின் மூச்சு விட்டுவிட்டுக் கேட்டது.

மற்றது நிற்கவில்லை.

"சார், காலி சீட்டு அறுபத்தொண்ணு காட்டிச்சி. நான்தான் பூஜ்யம் பண்ணிட்டேன்!" என்று கத்தினேன்.

வேதாச்சலத்தின் முகம் வெளுத்துவிட்டது. "எழிலு அறுபத்தொரு கிலோதான்யா" என்றார்.

பூஜ்யமாக்கியதை ரத்து செய்ய பட்டனைத் திருப்பி அழுத்தினேன். நூற்றுப்பத்து. உட்கார்ந்திருப்பது ஒரே ஒரு ஆள் இல்லை என்று மெஷினுக்கு அப்போதுதான் தெரிந்தது. கதவு பட்டென்று திறந்தது. தரணியின் இரண்டு அக்குளிலும் கை கொடுத்து வெளியே இழுத்துப் போட்டேன். உதடு நீலம் பாரித்திருந்தது. உயிர் இருந்தது, சாமி! அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். திரும்பிப் பார்த்தபோது காலி இருக்கை பூஜ்யம் காட்டியது. அவன் போய்விட்டான் என்று நினைத்தேன். முட்டாள்.

மறுநாள் மதியம் சத்தியவேட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் தரணி உட்கார்ந்திருந்தாள். மின்விசிறி ஓடவில்லை, கரண்ட் போயிருந்தது. "தாகமா கீதுண்ணா" என்றாள். சொம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தேன். அண்ணாந்து மடமடவென்று குடித்தாள். தொண்டை ஏறி ஏறி இறங்கியது. விழுங்கும்போது யாருக்கும் மூச்சு நின்றுதான் ஆகவேண்டும்.

சொம்பு காலியாகும்வரை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு, அவளிடமிருந்து வந்த மூச்சுச் சத்தம் ஒரு நொடிகூட நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது.