முதல் தடவை சரியில்லை

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த குட்டி செருப்பைக் கழற்றினாள், பையை நாற்காலியில் மாட்டினாள், "அம்மா" என்றாள். பிறகு பையை எடுத்துத் தோளில் போட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். மறுபடி கதவு திறந்தது. மறுபடி செருப்பு, பை, "அம்மா." இந்தத் தடவை சிரிப்பு காதுவரை இருந்தது.

அடுப்படியில் நின்ற தாய்க்கும் சிரிப்பு வந்தது. வீடியோ எடுக்கத் தன் கையில் போனே இல்லாதபோது இது என்ன கூத்து என்பது அப்புறம்தான் உறைத்தது.

பழக்கிவிட்டது அவள்தான். குட்டி எழுவதும் சிணுங்குவதும் அப்பன் கழுத்தைக் கட்டிக்கொள்வதும், "முதல் தடவை சரியில்ல, மறுபடி" என்ற சொல்லுக்கு அப்புறம்தான் செல்லுபடியாகும். முதல் பல் விழுந்த அன்று போன் சார்ஜில் கிடந்தது. அதற்காக விட்டுவிட முடியுமா? விழுந்த பல்லை ஈறில் திரும்பச் சொருகி, கடைவாயில் ரத்தம் வழிய மறுபடி பிடுங்க வைத்தாள். அந்த வீடியோவைப் பார்த்த முகம் தெரியாத ஜனம் இதயம் இதயமாக வாரி இறைத்தது. அவள் வயிறு குளிர்ந்தது. பிள்ளையைப் பெற்ற அன்றுகூட அவ்வளவு குளிர்ந்ததில்லை.

அவள் புருஷன் பெயிண்டர். அடுக்குமாடிச் சுவர்களில் கயிறு கட்டித் தொங்கிவிட்டு, தின்னர் வாடையோடு வீட்டுக்கு வருகிற ஆள்.

"புள்ளயப் பெத்தியா, குரங்காட்டி வேலை பாக்குறியா?"

"என்னை எத்தனை பேர் பாக்குறாங்க தெரியுமா உங்களுக்கு?"

"பாக்கட்டும். அதுல ஒருத்தனாவது வந்து ஒரு குடம் தண்ணி தூக்கி வைப்பானா?"

அவள் திரும்பிக்கொள்வாள். கை மட்டும் போனை விடாது.

இப்போது பயம் பிடித்தது. குட்டி விடிகாலையில் கண் விழிப்பாள், மூடுவாள், இன்னும் அழகாக விழிப்பாள். தின்ற கவளத்தைத் தட்டில் துப்பி மறுபடி தின்பாள். தெருவில் விழுந்து முட்டி சிராய்த்தால், அழுகையை நிறுத்தி, எழுந்து, பின்னால் போய், ஓடி வந்து அதே முட்டியில் விழுவாள். அழும்போது தாயைப் பார்ப்பதில்லை. ஆளுயரத்தில் ஒரு காலியிடத்தைப் பார்த்து அழுவாள், அங்கே யாரோ நிற்பதுபோல.

தாய் போனைத் துணிகளுக்கடியில் புதைத்தாள். குட்டி நிறுத்தவில்லை. பாத்திரம் துலக்கும்போது தாயின் கட்டைவிரலும் போனில் தள்ளுவதுபோலத் தானாக மேலும் கீழும் அசைந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் தனக்கு முகம் இருக்கிறதா என்று சந்தேகம் வந்து கண்ணாடிக்கு ஓடுவாள். பிள்ளைக்காக வாரம் முழுக்கக்கூடத் தாங்காத வைராக்கியம். போன் வெளியே வந்தது. பின்னால் தெரிகிற சுவர் அழுக்கு என்று வீடியோவுக்கு அடியில் எவளோ எழுதியிருந்தாள். போதாதா? லீவு நாளில் புருஷனை ஏணியில் ஏற்றிவிட்டாள்.

மதிய வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் நீட்டிப் போட்டிருக்க, ஈரப் பெயிண்டின் வாடை அடுப்படி வரை வந்து தொண்டையில் உட்கார்ந்துகொள்ள, இறங்கச் சோம்பல்பட்ட தொழில்காரர்கள் மேலே நின்றபடியே இடுப்பை ஆட்டி ஏணியை நகர்த்துவார்களே, அந்த டக், டக் சத்தம் சுவர் நெடுகப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு வழுக்கல். பிரஷ் தரையில் விழுந்தது.

"என்னாச்சுங்க?"

"ஒண்ணுமில்ல. கால் வழுக்கிடுச்சு, புடிச்சிட்டேன்." சிரித்தான்.

பிறகு குட்டியின் குரல். "அப்பா, மறுபடி."

"என்னது?"

"மறுபடி விழுப்பா. முதல் தடவை சரியில்ல."

"போடி அந்தப் பக்கம். ஏணிகிட்ட வராத."

டக், டக் நின்றது. ஏணியின் கால் தரையைக் கீறியது.

"ஏய், விடு. விடுடி!"

அடுப்படியில் அவள் குழாயை மூடினாள். அந்த நிசப்தத்தில் கேட்டது. மூட்டை விழுகிற சத்தம் இல்லை அது.

ஓடினாள். அலறினாள்.

அவன் கழுத்து திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. வெள்ளைப் பெயிண்டுக்குள் சிவப்பு மெல்ல இறங்கியது. மூச்சு இருந்தது. ஈரத்துணியைக் கிழிப்பதுபோல ஒரு மூச்சு. இடைவெளி. இன்னொன்று.

குட்டி நாற்காலிமேல் நின்றாள். கையில் போன்.

"குடுடி! ஆம்புலன்ஸக் கூப்பிடணும், குடு!"

குட்டி அழவில்லை. முகத்தில் வேலை தெரிந்தவர்களின் சலிப்பு.

"நீ ஓடி வந்தப்ப முடி மறைச்சிடுச்சும்மா. உன் மூஞ்சியே தெரியல."

பிடுங்கியிருக்கலாம். சின்னக் கை. எட்டினால் போதும். ஆனால் குட்டி போனைத் திருப்பிக் காட்டினாள். அவள் பார்த்தாள்.

முகம் தெரியவில்லைதான்.

"வெளிய போயிட்டு வா. மறுபடி."

கால்கள் போயின. அவள் சொல்லிப் போகவில்லை. அடுப்படிச் சுவருக்குப் பின்னால் நின்றாள். முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். கண்ணைத் துடைத்தாள். அந்தப் பக்கம் ஈரத்துணி தரையைத் துடைக்கிற சத்தம். ஏணியை இழுத்து நிமிர்த்துகிற சத்தம். அவன் மூச்சு ஒன்று. நீண்ட இடைவெளி.

குட்டி இன்னும் கூப்பிடவில்லை.

அவள் வாயை அகலமாகத் திறந்து தயாராக வைத்துக்கொண்டாள்.