புதுக்கண் மாத்திரை

மாத்திரையை விழுங்கிய செண்பகவல்லி கண்ணைத் திறந்தாள். எதிரே நின்ற கணவரைப் பார்த்து, "சார் யாரு? டிவி ரிப்பேருக்கு வந்தீங்களா?" என்றாள்.

வேலாயுதம் மாத்திரை டப்பாவை மேஜையிலிருந்து எடுத்து மறுபடி படித்துவிட்டு வைத்தார்.

நிலவின் தென்துருவ நகரில் 'புதுக்கண்' மாத்திரைக்கு அடிதடி. எல்லாம் 'ஆகாய நடை' என்ற பழைய அறிவியல் தொடருக்காக. நிலவில் குடியேறியவர்களில் பாதிப் பேர் அதைப் பார்த்து மயங்கி வந்தவர்கள். மீதிப் பேர் அவர்களைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு வந்தவர்கள். ஆளாளுக்கு ஆயிரம் தடவையாவது பார்த்திருப்பார்கள். ஒரே குறை, அந்த முதல் சிலிர்ப்பு திரும்பாது. அதற்குத்தான் மாத்திரை: தொடரின் நினைவை மட்டும் மூளையிலிருந்து துடைத்துவிடும். தொடரோடு ஒட்டிய நினைவுகளும் போகும் என்று டப்பாவிலேயே போட்டிருந்தது. ஒட்டியது என்றால் பின்னணி இசை, அந்த மாதிரி ஏதோ என்று இருவரும் நினைத்துக்கொண்டார்கள். அவர்கள் முதன்முதலில் சந்தித்ததே கோவில்பட்டிக் கல்யாண மண்டபத்தில், அந்தத் தொடரைத் திரையிட்டபோதுதான் என்பது யாருக்கு உறைத்தது!

ஒரு வாழ்க்கையே கழுவிக்கொண்டு போய்விட்டதே. தொடரை ஓடவிட்டார். "உட்காருங்க."

சனியின் வளையங்கள் விரிந்தன. செண்பகவல்லியின் கண் பனித்தது. அவர் திரையைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்தார். ராக்கெட் ஒன்று 'விர்ர்ர்' என்று பாய்ந்தது.

"காத்தே இல்லாத இடத்துல சத்தம் எங்கருந்து வருது? யாரு காதுல பூ சுத்துறாங்க?"

மண்டபத்தில் அன்று அவள் கேட்ட அதே கேள்வி! ஜன்னலுக்கு வெளியே நிஜ ராக்கெட் ஒன்று பூனைபோல் இறங்கிக்கொண்டிருந்தது. அவருடைய பழைய பதிலும் தானாக வந்து விழுந்தது: "கொஞ்சம் பேசாமப் பாருங்க மேடம். மத்தவங்களும் பாக்கணும்ல?"

முறைத்தாள். பிறகு, அன்றைக்குப் போலவே, முறுக்குப் பொட்டலத்தை அவர் பக்கம் நீட்டினாள்.

கடைசிப் பகுதி முடிவதற்குள் கல்யாணப் பேச்சே வந்துவிட்டது. அப்போதுதான் மேஜைமேல் கிடந்த டப்பாவை எடுத்துப் படித்தாள்.

"ஏங்க, இதை மறுபடி முதல் தடவையாப் பாக்கலாமாமே! ரெண்டு மாத்திரை மிச்சமிருக்கு."

வேலாயுதம் யோசித்தார். அவளுக்கு மட்டும் காதல் புதுசா வரும், தனக்குப் பழசா? இதென்ன நியாயம்!

தொடர் தானாகவே தொடங்கும்படி பொத்தானை அமுக்கினார். இரண்டு நாற்காலிகளையும் நெருக்கிப் போட்டு, நடுவில் முறுக்கை வைத்துவிட்டு, மாத்திரைக்குக் கையை நீட்டினார்.