காலியாகும் முன்னே ஒரு போர்டு

“ஐயோ... கெணத்துல ஆளு மெதக்குது!”

பால்காரி பச்சையம்மாவின் அலறல் மேற்குத் தாம்பரத்தின் அந்தத் தெருவையே எழுப்பிவிட்டது.

தனசிங் ஓடினான். எட்டிப் பார்த்தான்.

தண்ணீரில் குப்புற மிதந்தார் எட்மண்ட். ரிட்டயர்டு ரயில்வே கார்டு. 1957-லிருந்து பன்னிரண்டு வருஷமாக அந்த வீட்டின் பின் போர்ஷனில் குடியிருந்த ஒண்டிக்கட்டை என்று கூடியவர்கள் பேசிக்கொண்டார்கள்.

பாவம் மனுஷன் என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

போர்ஷன் காலி!... என்றுதான் தோன்றியது.

சீ, நானும் ஒரு மனுஷனா என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. மனைவி ஞானஜோதிக்கு எட்டு மாசம். பொழிச்சலூர் வீட்டை ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி செய்தாக வேண்டும். ஸ்டேஷன் பக்கத்தில், கட்டுப்படியாகிற வாடகையில் ஒரு வீடு தேடி மூன்று மாசமாக நாயாய் அலைந்தாயிற்று. கறி சமைப்பீங்களா என்று கேட்டுக் கதவைச் சாத்தியவர்கள் பாதி. வாடகையைச் சொல்லியே விரட்டியவர்கள் மீதி.

இன்றைக்குத்தான், காலை ரயிலுக்குப் போகிற வழியில், இந்த வாசலில் போர்டைப் பார்த்தான். ‘வீடு வாடகைக்கு விடப்படும்.’ வீட்டுக்காரர் சுப்பராயலுவின் கதவைத் தட்டக் கையைத் தூக்கினான். அப்போதுதான் அந்த அலறல்.

சுரீரென்று உறைத்தது தனசிங்குக்கு.

கிழவர் செத்தது இப்போதுதான் ஊருக்குத் தெரியும். போர்டு அதற்கு முன்னாலேயே தொங்கியதே... எப்படி?

திரும்பினான். முதுகுக்குப் பின்னால் சுப்பராயலு.

“போர்டைப் பாத்துட்டா வந்தீங்க சார்?”

“ஆமா.”

“எப்போ பாத்தீங்க?”

“பால்காரம்மா கத்தறதுக்கு முன்னாடி.”

சுப்பராயலு வெற்றிலையைத் துப்பினார். அவனைக் கொட்டாய்ப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

“வாடகைய ஏத்தவே வுடல அந்தாளு. காலி பண்ணுன்னா கோர்ட்டுக்குப் போய்க்கினான். பெரிய பேஜாரு சார்... சரி, உங்குளுக்கு வூடு வோணுமா?”

“வேணும்.”

“கெய்வன் குடுத்த அதே வாடகை. இன்னிக்கே சாவி. போலீஸு கேட்டா, கால் வழுக்கி வுழுந்தத பாத்தேன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. அவ்ளோதான்.”

தனசிங்குக்கு ஞானஜோதியின் வீங்கிய பாதங்கள் ஞாபகம் வந்தன.

அரை மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் வேதசிரோமணி வந்தார்.

“கண்ணால பாத்தீங்களா மிஸ்டர்?”

“பாத்தேன் சார். வாளிய இழுக்கும்போது ஸ்லிப் ஆயிட்டாரு.”

“குதிச்சுக் காப்பாத்த வேண்டியதுதானே?”

“நீச்சல் தெரியாது சார்.”

“கையெழுத்துப் போடுங்க.”

போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை குடி வந்தார்கள். வீட்டு ஜெபத்தில் ஞானஜோதி அழுதேவிட்டாள்.

“ஆண்டவர் நமக்காகவே காலி பண்ணி வெச்சிருக்காருங்க.”

தனசிங்குக்கு ஆமென் சொல்ல வாய் வரவில்லை.

எட்டு மாசம் போனது. ஒரு சாயங்காலம் சுப்பராயலு வந்து நின்றார்.

“வாடகைய டபுள் பண்ணணும் சார்.”

“முடியாதுங்க.”

“அப்போ காலி பண்ணுங்க.”

“பண்ண மாட்டேன். போர்டை எப்போ மாட்டினீங்கன்னு இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லட்டுமா?”

“சொல்லேன். பொய்க் கையெழுத்து போட்டவன் யாருன்னும் சேத்து சொல்லு.”

சிரித்துக்கொண்டே போய்விட்டார். நியாயம்தான். வாயைத் திறந்தால் இவன் முதலில் உள்ளே போவான். திறக்காவிட்டால்...?

மறுநாள் காலை. பேப்பர் வாங்கிக்கொண்டு திரும்பிய தனசிங், வாசலில் அப்படியே நின்றுவிட்டான்.

போர்டு தொங்கியது!

அதே போர்டு. ‘வீடு வாடகைக்கு விடப்படும்.’

அதன் எதிரே குடையும் பையுமாக ஒருவர். நாற்பது வயசு. வீடு தேடி அலைந்த களைப்பு முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

“சார், இந்த வீட்ல யாரு இருக்காங்க?”

“நான்தான்.”

கிணற்றடியிலிருந்து குரல் வந்தது. சுப்பராயலு!

“தனசிங் சார்... வாளி உள்ள வுழுந்துடுச்சு. வந்து ஒரு கை புடிங்களேன்.”

வீட்டுக்குள் ஞானஜோதியும் குழந்தையும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கிளப்பிக்கொண்டு ஓடலாம். எங்கே? இந்த வாடகைக்கு ஊரில் வேறு வீடே கிடையாதே.

தனசிங் அந்த மனிதரின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

“சார், தயவு பண்ணி கேளுங்க. போன தடவ இந்த போர்டு தொங்கினப்போ இங்க இருந்தவரு கெணத்துல செத்தாரு. தள்ளிவிட்டது அதோ கூப்பிடறாரே, அவருதான். இன்னிக்கு என் டர்ன். ஓடிப் போய் போலீஸைக் கூட்டிட்டு வாங்க. பொண்டாட்டி புள்ள உள்ள இருக்கு சார்.”

அந்த மனிதர் வெலவெலத்துப் போனார். போர்டைப் பார்த்தார். கிணற்றைப் பார்த்தார். ஸ்டேஷனில் ரயில் ஊதியது... அந்தப் பக்கம் பார்த்தார். எத்தனை கிட்டே!

பிறகு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“தப்பா நெனச்சுக்காதீங்க சார்... சாவி உங்ககிட்ட இருக்கா, அவர்கிட்டயா?”