உந்துநினைவு

நிதுஷாவின் நினைவு மூன்றாவது முறையும் திரும்பி வந்துவிட்டது. காரணம் ஒரே வரி: "நடுக்கம் போதவில்லை."

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் விண்ணப்பக் கட்டுரையைக் கைவிட்டு வெகு காலமாகிறது. எந்திரம் எழுதித் தரும் கண்ணீரை யார்தான் நம்புவார்கள்? இப்போது அவை கேட்பது உந்துநினைவு. டாக்டராக வேண்டும் என்று எந்தக் கணத்தில் தோன்றியதோ, அந்தக் கணமே வேண்டும். நினைவுநோக்கி என்ற தலைக்கவசம் அதைப் படிக்கும். படிக்கும்போதே நாடித் துடிப்பையும் உடல் நடுக்கத்தையும் அளந்து மதிப்பெண் போடும். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. எல்லைக்கு வெளியே பிறந்தவர்கள்தான் நடுங்கிக் காட்ட வேண்டும்.

கனடாவின் ஸ்காபரோவில் சொகுசாக வளர்ந்த பிள்ளை, பாவம், எதை நினைத்து நடுங்கும்? முதியோர் இல்லத்தில் யாருக்கோ கஞ்சி ஊட்டிய ஒரு சனிக்கிழமைதான் அவளிடம் இருந்தது. கனடாக் கல்லூரிகள் ஏற்கெனவே கைவிரித்துவிட்டன. இன்னும் ஒரே ஒரு முறைதான் அனுப்பலாம்.

"என்னட்டை ஒண்டு கிடக்கு," என்றாள் அம்மா தர்மினி.

கடைத்தொகுதி ஒன்றின் பின்புறம் பிரகலாதன் என்பவர், ஒருவர் நினைவை இன்னொருவர் தலைக்கு மாற்றும் நினைவுமாற்றி வைத்திருந்தார். சட்டம் அனுமதிக்காத தொழில். ஆனாலும் நல்ல மனிதர், உள்ளதைச் சொன்னார்.

"அக்கா, பிரதி எடுத்தா நோக்கி பிடிச்சிடும். வேரோடை புடுங்கித்தான் நடவேணும். பிறகு உங்களிட்டை இருக்காது. குடுத்ததுகூட ஞாபகம் இராது."

"போனாப் போகட்டும் தம்பி. அதை வைச்சு நான் என்ன செய்யிறது?"

"அம்மா, எனக்கு வேண்டாம். பயமாக் கிடக்கு."

"நான்தான் டொக்டராகேலாமப் போச்சு. நீயாவது ஆகு பிள்ளை."

நினைவுமாற்றியின் கவசம் இருவர் தலையிலும் இறங்கியது. நிதுஷாவுக்கு ஒன்பது வயதானது. போர்க்காலம். ஆஸ்பத்திரியாக மாறிய ஒரு வகுப்பறை. மாணவர் மேசையில் அண்ணன் கிடக்கிறான். மயக்க மருந்து தீர்ந்துவிட்டது. டாக்டர் காலை அறுக்கிறார், இவள் கையில் டோர்ச் லைட். "ஆட்டாதை பிள்ளை, நேராப் பிடி!" ஸ்பிரிட் நெடி மூக்கை எரிக்கிறது. அண்ணன் இவள் பெயரைச் சொல்லிக் கத்துகிறான். பிறகு கத்தவில்லை. நான் டாக்டரானால் மருந்து இல்லாமல் ஒருவரையும் அறுக்க மாட்டேன் என்று அந்தச் சிறுமி பல்லைக் கடித்துக்கொண்டு நினைத்தாள்.

கல்லூரி முழு மதிப்பெண் போட்டு இடமும் கொடுத்தது. வீட்டில் கேக் வெட்டினார்கள். கத்தியைத் தொட நிதுஷாவால் முடியவில்லை. தர்மினியோ ஆளே மாறிப்போனாள். இத்தனை வருடமும் விளக்கை எரியவிட்டுப் படுத்தவள், இருட்டில் குறட்டை விட்டுத் தூங்கினாள். அடுத்த அறையில் மகள் விடியும்வரை விளக்கை அணைக்கவே இல்லை.

வகுப்பு தொடங்கும் நாளில் தாயும் மகளும் எல்லை தாண்டிப் போனார்கள். வகுப்புகள் கல்லூரி மருத்துவமனையில்தான். மகளைப் பெறுவதற்குத் தவிர எந்த ஆஸ்பத்திரிப் படியையும் மிதிக்காத தர்மினி, கைப்பையை வீசிக்கொண்டு முதல் ஆளாக உள்ளே போனாள்.

கண்ணாடிக் கதவு திறந்ததும் ஸ்பிரிட் நெடி வந்தது. நிதுஷா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கை தானாக உயர்ந்து, இல்லாத டோர்ச்சை இறுகப் பிடித்தது. எவ்வளவு முயன்றும் அந்தக் கையை அவளால் இறக்க முடியவில்லை.

"அம்மா... மாமா கத்துறார்... காலை அறுக்கினம்..."

"ஆரின்ரை காலை?" தர்மினி பதறிப்போய் ஓடி வந்தாள். "உன்ரை மாமா ஷெல் விழுந்த உடனையே போயிட்டார் எண்டுதானே சொல்லுறவை. நான் ஒண்டையும் காணேல்லையே."

"நீங்கள்தான் அம்மா லைட் பிடிச்சனீங்கள்!"

"விசர்க்கதை கதையாதை. எழும்பு, சனம் பாக்குது." மகளின் நெற்றி வியர்வையைத் தன் கைலேஞ்சியால் துடைத்துவிட்டாள் தர்மினி. அவளுடைய கை கொஞ்சமும் நடுங்கவில்லை. "எங்கட குடும்பத்திலை ஒருத்தருக்கும் ஆஸ்பத்திரிப் பயம் இல்லையே பிள்ளை. உனக்கு மட்டும் இது எங்கையிருந்து வந்தது?"