வழியில் இறங்காதவள்

கரும்புக் காட்டுக்குள் ஜீப் திரும்பியபோதே வாடை வந்துவிட்டது. மூங்கில் கால்கள் மேல் நின்ற சின்னக் குடிசை. வாசலில் நின்ற சார்ஜென்ட் பலோமார், பெரிய சாதனை செய்தவர் போல ஒரு காப்பித்தூள் பாட்டிலை நீட்டினார்.

"உங்களுக்கு வேலையே வைக்கல மேடம். புழுவெல்லாம் அள்ளிப் போட்டுட்டேன்."

புழுவை வைத்துச் செத்த நாளைக் கணக்கிடுவது என் வேலை. பாட்டிலைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிணத்துக்கு முதலில் வருவது வழவழப்பான புழு. பின்னால் வருவது முடிப்புழு. அது பிணத்தோடு நிறுத்தாது, தனக்கு முன்னால் வந்த புழுவையும் தின்னும். மனுஷன் இரண்டையும் ஒன்றாகப் போட்டு மூடியிருக்கிறார். முடிப்புழுக்கள் கொழுத்து நெளிந்தன. மற்றவை வெறும் தோலாகக் கிடந்தன.

"தனித்தனியா போடுங்கன்னு எத்தனை தடவை தொண்டை கிழியக் கத்தியிருக்கேன்! சாட்சியை சாட்சியே தின்னுடுச்சு சார்ஜென்ட்!"

"புழுதானே மேடம்," என்றார்.

செத்தவள் நெலிதா. கழுத்தை நெரித்திருந்தார்கள். அவள் புருஷன் எலாதியோ லாக்கப்பில் இருந்தான். மிந்தனாவோ தீவில் கூலி வேலை முடித்து ஞாயிற்றுக்கிழமைதான் கப்பலில் வந்து இறங்கினான். நேற்று, வியாழன் வரை துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன் என்கிறான். பார்த்த ஆள் இல்லை. நேராக வீட்டுக்கு வந்து கொன்றுவிட்டான் என்கிறது போலீஸ். அவள் ஞாயிறுக்கு முன்பே செத்தாள் என்று நான் காட்டினால் அவன் தப்புவான். இல்லையென்றால் ஆயுளுக்கும் சிறைதான்.

உடம்பில் மீதியிருந்தவையும் பிந்தி வந்த முடிப்புழுக்களே, செத்த நாளைச் சொல்ல அவை போதாது. குவியலின் மேல் கையுறைக் கையை வைத்தேன். சுட்டது. கூட்டமாகத் தின்னும்போது புழுக்கள் அப்படித்தான் கொதிக்கும், உயிருள்ள உடம்பை விட அதிகமாக.

இன்னும் ஒரு வழி இருந்தது. தின்று முடித்த புழு பிணத்தை விட்டு இறங்கி, வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி இருட்டுக்குள் ஓடும். அங்கே கறுத்து இறுகிய கூடாகிவிடும். அதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் வேண்டும். ஆகவே ஒரு கூடு கிடைத்தாலும் எலாதியோ பிழைத்தான். மூங்கில் தரையின் இடுக்கு வழியாகக் கீழே விழுந்திருக்கும் என்று குனிந்து பார்த்தேன்.

கீழே பக்கத்து வீட்டுக் கோழிகள் மேய்ந்தன. மண்ணைக் கிளறி ஒன்று விடாமல் பொறுக்கியிருந்தன.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிணத்தை ஏற்றி அனுப்பிவிட்டு, வெறுங்கையோடு ஜீப்பில் ஏறினேன்.

சாவு நடந்த வீட்டிலிருந்து எங்கள் ஊரில் யாரும் நேராகத் திரும்ப மாட்டார்கள். நடுவில் எங்காவது இறங்கி உட்கார வேண்டும். கூடவே வந்த ஆவி அங்கேயே இறங்கிக்கொள்ளும். மனோங், அதாவது அண்ணன், என்று நான் கூப்பிடும் டிரைவர் ஓஸ்திங் ஒவ்வொரு முறையும் சாலையோரச் சாப்பாட்டுக் கடையில் நிறுத்திவிட்டு மீன் குழம்பும் சோறுமாக உட்கார்ந்துவிடுவார். வெயிலில் நின்ற ஜீப்பில் என் புழுக்கள் வெந்து சாகும். இன்றைக்கும் வேகத்தைக் குறைத்தார்.

"நிறுத்தாதீங்க மனோங். விடுங்க."

"நிறுத்தலைன்னா அந்தப் பொண்ணு கூடவே வந்துடும் மேடம்."

"வரட்டும்! வந்து அவளே வாயைத் திறந்து சொல்லட்டும்!"

ஓஸ்திங் கியரை மாற்றினார். கடை பின்னால் போய்விட்டது.

வாடை மட்டும் போகவில்லை. கண்ணாடியை இறக்கினேன். கூடியது.

பின் சீட்டின் ஸ்பிரிங் கிறீச்சென்றது.

"திரும்பாதீங்க மேடம்," என்றார் ஓஸ்திங், சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

நான் கையைப் பின்னால் நீட்டி, யாரும் உட்காராத சீட்டைத் தொட்டேன்.

சுட்டது.

 பயத்தையும் மீறி ஆற்றாமை பொங்கி வந்தது. "இங்க வந்து என்னடி புண்ணியம்? நீ கிடந்த இடத்துல காட்டினாதான் கோர்ட்டு ஒத்துக்கும்!"

சீட்டின் விளிம்பில் ஒரு புழு தெரிந்தது. தின்று முடித்த, வழவழப்பான புழு. இருட்டுக்குள் ஓட வேண்டியது, வெயில் கொளுத்திய பின் கண்ணாடியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. நாங்கள் வந்த திசையை நோக்கி.

"வண்டியைத் திருப்புங்க."

சார்ஜென்ட் இன்னும் குடிசை வாசலில்தான் நின்றார். உள்ளே, பட்டப்பகல் வெயில் விழுந்த தரையில், புழுக்கள் ஒரே வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தன. எத்தனையோ வருஷமாக இதே வேலை செய்கிறேன், வெளிச்சத்தில் வரிசை கட்டிப் போகும் புழுவை நான் கண்டதில்லை. வரிசை மூலையில் நின்ற மூங்கில் காலடியில் முடிந்தது. அதில் விரல் நுழையும் அளவு ஓட்டை.

மூங்கிலைப் பிளக்கச் சொன்னேன். கோழி அலகு எட்டாத அந்தப் பொந்து நிறையக் கறுத்த கூடுகள்.

சார்ஜென்ட் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். "இந்தத் தடவை நான் தொடவே இல்ல மேடம்," என்றார்.

எலாதியோ விடுதலையானான். கோர்ட்டு வாசலில் சார்ஜென்ட்டைப் பிடித்து, "அப்போ கொன்னவன் யாரு?" என்று கேட்டேன்.

"யாரோ, எங்கேயோ. கேஸ் முடிஞ்சுது, விடுங்க மேடம்." பல் குத்திக்கொண்டே போய்விட்டார். அறைந்துவிடலாமா என்றிருந்தது.

எலாதியோவை நானும் ஓஸ்திங்குமே வீட்டில் விடுவதாகச் சொன்னோம். பின் சீட்டில் உட்கார்ந்தவன் கொஞ்ச நேரம் கழித்து மெல்லக் கேட்டான்.

"இங்க யாரு மேடம் உக்காந்திருந்தாங்க? சீட்டு சுடுது."

  கேட்டவன் ஜன்னலோரம் ஒதுங்கி, பக்கத்தில் இடம் விட்டு, அந்த இடத்தின் மேல் கையை வைத்துக்கொண்டான்.

குடிசை வந்தது. அவன் இறங்கி உள்ளே போனான். ஓஸ்திங் பின் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார்.

"இறங்கும்மா. உன் வீடு வந்துடுச்சு."

காற்றில் கரும்புத் தோகை மட்டும் சலசலத்தது. நான் சீட்டைத் தொட்டுப் பார்த்தேன். சூடு குறையவில்லை.

திரும்பும் வழியில் சாப்பாட்டுக் கடை வந்தது. ஓஸ்திங் வேகத்தைக் குறைக்கவே இல்லை. ஊருக்குப் பிரியும் சாலையையும் தாண்டினார்.

"எங்க போறீங்க மனோங்?"

"போலீஸ் ஸ்டேஷனுக்கு." "பின்னாலேருந்து அந்தப் பொண்ணு சொல்லுச்சே மேடம், கேஸ் இன்னும் முடியலன்னு. உங்களுக்குக் கேக்கலையா?"