எடை சேராத இன்ஜின்

சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்த பிறகும் காப்பி நடுங்கிக்கொண்டிருந்தது. காரின் முன்பக்க ஓரத்தில் லைல் வைத்திருந்த கோப்பைக்குள் வளையம் வளையமாக, விடாமல். மழை கொட்டகைத் தகரத்தை அதிர வைக்கிறது என்று தனக்கே சொல்லிக்கொண்டார். மழை நின்று வெகுநேரமாகியிருந்தது.

கார் அவர் மனைவி லோர்னாவுடையது. கல்யாணத்துக்கு முன்பே அவள் வாங்கியது. அவளை அடக்கம் செய்த நாளிலிருந்து மகள் நோரீன் அவரிடம் சரியாகப் பேசவில்லை. நாளை அலாஸ்காவுக்கு வேலைக்குப் போகிறாள். "அம்மா காரை ஓட வைங்க. ஒரு சுத்து வர்றேன். அப்புறம் நீங்க யாரோ, நான் யாரோ," என்று சொல்லியிருந்தாள். அந்த ஒரு சுற்றுக்காகத்தான் இத்தனை பாடும்.

பழைய இன்ஜின் வெடித்துப்போனதால், ஊருக்கு வெளியே உடைந்த கார்கள் விற்கும் ஆர்விலிடம் வேறொன்று வாங்கினார்.

"மொத்தமா எடுத்துட்டுப் போய்யா," என்றான் ஆர்வில். "முன்னாடி பெல்ட் ஓடுற புல்லி, பின்னாடி ஃப்ளைவீல் சக்கரம், ரெண்டுலயும் எடை வெச்சுத்தான் இதைச் சமன் பண்ணியிருக்காங்க. எதை விட்டாலும் ஆட்டி எடுத்துடும்."

"இது இருந்த காரை ஓட்டினது யாரு?"

"சின்னப் பொண்ணு. சீட்டுலயே போயிட்டா."

"அப்போ மொத்தத்துல அவளும் உண்டா?" என்று லைல் சிரித்தார். ஆர்வில் சிரிக்கவில்லை.

கஞ்சத்தனம் யாரை விட்டது? இன்ஜினை மட்டும் கொண்டுவந்து, பழைய புல்லியையும் ஃப்ளைவீலையும் மாட்டினார். கார் உதறியது. கியரை விலக்கி, நின்ற இடத்திலேயே முடுக்கிப் பார்த்தார், அப்போதும் உதறியது. சக்கரத்தில் கோளாறில்லை, இன்ஜினில்தான். முனகிக்கொண்டே திரும்பிப் போய், அந்த இன்ஜினுக்கே உரிய புல்லியையும் ஃப்ளைவீலையும் வாங்கி வந்து பூட்டினார். எல்லாம் பொருந்தியது. ஆனாலும் உதறல் போகவில்லை. இப்போது இன்ஜினை அணைத்தும் போகவில்லை. எரிந்த ஆயில் நாற்றத்துக்கு நடுவே, இளம்பெண்கள் பூசும் மலிவான செண்டின் வாசம் வேறு.

மொத்தமா என்றானே ஆர்வில், இனி என்ன பாக்கி?

நோரீன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "இன்னும் ஆடுதாப்பா? அம்மா மூச்சுக்குத் திணறினப்போ இதுல பாதி நேரம் பக்கத்துல உக்காந்திருக்கலாம்."

சுருக்கென்று தைத்தது. 

அவள் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

"இறங்கும்மா. இப்போ வேணாம்."

"எங்கம்மா சீட்டு. நான் உக்காருவேன்."

பெல்ட் மாட்டும் சத்தம்.

காப்பி நின்றது. ஒரு வளையம்கூட இல்லை.

வெட்கக்கேடு, முதலில் அவருக்கு வந்தது சந்தோஷம்தான். "நின்னுடுச்சும்மா! சமனாயிடுச்சு!"



குனிந்து பார்த்தார். நோரீனின் இரண்டு கையும் ஸ்டியரிங்கில். தோள் உதறியது. கன்னம் உதறியது. பற்கள் தடதடத்தன. அதே தாளம். இத்தனை நாளாக அவர் தேடிய அதே தாளம்.

கதவை இழுத்தார். அசையவில்லை.

"நோரீன்!"

சாவி அவர் பையில் இருந்தது. இன்ஜின் ஆறிக்கொண்டிருந்தது. உள்ளே அவள் நேராக முன்னால் பார்த்தபடி, காலால் ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்தினாள்.

பற்கள் வேகம் பிடித்தன.